எட்டாம் வேற்றுமை

பிப்ரவரி 4

வணக்கம்.

நீங்களும் அப்பாவும் நலம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். போனில் நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

பதிவு அலுவலகத்தில் நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட அன்று உங்களோடு சரியாகப் பேச முடியாமல் மாலை ரயிலுக்கு ஓடிவிட்டேன். பிறகு போனில் பேசலாம் என்றால், அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறார். நான் பேசுவது மாடி வீட்டுக்காரருக்கும் கேட்கிறது. போன வாரம் அவர் நடுவில் புகுந்து என் இருமலுக்கு மருந்து சொன்னார். அதனால்தான் கடிதம்.

ஓர் உதவி வேண்டும். என் ஆராய்ச்சியைப் பற்றி அப்பா உங்களிடம், 'கம்ப்யூட்டருக்குப் படம் காட்டுறா' என்று சொல்லியிருப்பார். அது பொய்யில்லை. ஒரு பொருளைப் பார்த்ததும் இது இன்ன வகை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன? இதைத்தான் படிக்கிறேன். இந்த ஆண்டு எடுத்துக்கொண்டிருப்பது உட்காரும் சாமான்கள்.

பார்சலில் இரண்டு கட்டு அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படம். அதன் பெயரை அடியில் ஒரே சொல்லில் எழுத வேண்டும். அதிகம் யோசிக்கக் கூடாது. இங்கே மாணவர்கள் எளிதில் கிடைக்கிறார்கள். ஐம்பதைத் தொட்டவர்கள்தான் கிடைப்பதில்லை. (வயதைச் சொன்னதற்கு மன்னிக்கவும்.) இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். அப்பா எட்டிப் பார்ப்பார், விடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொடிசு
(வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது நான் அப்பாவைவிட உயரம்.)


பிப்ரவரி 17

அன்புள்ள ஆராய்ச்சிக்காரிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் நலம் தினமும் ஸ்பீக்கரில் கேட்கிறது, ஆனாலும் முறைக்கு ஒரு தடவை கேட்டுவைக்கிறேன். 'நீ' என்றே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று ஆரம்பித்தால் கடைசிவரை இரண்டு பேரும் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவோம்.

அட்டைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. அவர் அட்டையோடு சண்டை போடவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. வாழ்நாள் முழுக்க நிலம் அளந்த மனிதர் கையில் படத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? கால்களை எண்ணினார். நாலு கால் இருந்தால் நாற்காலி, மூன்று இருந்தால் முக்காலி. முதுகு இருக்கிறதா, கை இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. பிறகு சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வந்தது.

"இதுக்கு அஞ்சு காலு. இதைப் போய் நாற்காலின்னு எப்படி எழுதுறது?"

"தினமும் ஆபீஸ்ல நான் அதுலதான் உக்காந்திருக்கேன். அதுக்குப் பேரு நாற்காலிதான்."

"உங்க ஆபீஸ்ல என்ன வேணா சொல்லிக்குங்க. இது ஆராய்ச்சி."

'ஐங்காலி' என்று எழுதினார். ஒற்றைத் தண்டில் நிற்கும் உயர ஸ்டூலுக்கு 'ஒருகாலி'. நான் பொறுக்க முடியாமல், "மாட்டுக்கும் நாலு காலு இருக்கே, அதையும் நாற்காலின்னு எழுதுவீங்களா?" என்றேன். "மாட்டுப் படம் பொடிசு அனுப்பலையே" என்றார்.

என் அட்டைகளில் சிலவற்றை வெறுமையாக விட்டிருக்கிறேன். அவசரத்தில் விடவில்லை, பார்த்துத்தான் விட்டேன். நான் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்கள் அலுவலகத்தில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ரயிலில் மறந்து விட்டுப்போவதெல்லாம் என் கவுன்ட்டருக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி அலமாரியில் வைப்பதுதான் என் வேலை. அங்கேயும் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இது அவர் சொன்னது. நானும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி
(தற்காலிகப் பதவி. நல்லதாக ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.)


மார்ச் 6

வணக்கம்.

இருவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நேரம் மட்டும் தினமும் மாறுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். எங்கள் ஆய்வறை தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கூரையை ஒட்டி இருப்பதால் வெளியே போகிறவர்களின் காலணி மட்டும்தான் தெரியும். காலணியை வைத்து ஆளைச் சொல்லும் போட்டி எங்களுக்குள் உண்டு. அப்பாவின் அட்டைகளை அந்த ஜன்னலுக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறேன். என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அதனால்'. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "சரி, அதனால்?" என்பார். அவரே ஐங்காலியைப் பார்த்து அதனால் என்று கேட்காமல் சிரித்துவிட்டார். "உங்கப்பாவும் நம்ம மெஷினும் நல்லாப் பேசிக்குவாங்க" என்றார்.

இயந்திரத்திடமும் அதே படங்களைக் கொடுத்தோம். கவிழ்த்து வைத்த வாளியை அது நாற்காலி என்றது, தயக்கமே இல்லாமல். இன்னொன்றும் பார்த்தோம். நாற்காலியின் முதுகு ஒவ்வோர் அட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, கடைசியில் ஸ்டூலாகிவிடும் வரிசை ஒன்று உண்டு. நாற்காலிப் பக்கமிருந்து ஆரம்பித்தவர்கள், முதுகு விரல் அளவுக்குக் குறைந்த பிறகும் நாற்காலி என்றே எழுதுகிறார்கள். ஸ்டூல் பக்கமிருந்து வந்தவர்கள், முதுகு நன்றாக வளர்ந்த பிறகும் ஸ்டூல் என்கிறார்கள். முதலில் சொன்ன பெயரை விட மனிதருக்கு மனம் வருவதில்லை. இயந்திரத்துக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. ஒவ்வொரு படத்தையும் புதிதாகப் பார்க்கிறது.

நீங்கள் விட்ட வெற்று அட்டைகளைத் தள்ளிவிடச் சொல்கிறார் பேராசிரியர். பதில் இல்லாததை எதில் சேர்ப்பது என்கிறார். அவை உங்களுக்கு என்னவென்று புரியவில்லையா, அல்லது வேறு காரணமா?

மே விடுமுறைக்கு வருவேனா என்று அப்பா கேட்டார். வேலை நிறைய இருக்கிறது. பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பொடிசு


மார்ச் 15

அன்புள்ள பொடிசுக்கு,

உன் அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இந்தப் பெயரை எழுதுகிறேன். நலம். உன் அப்பாவின் முழங்கால் வலியும் நலம், போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது.

வெற்று அட்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்னவென்று புரியாமல் விடவில்லை. படத்தைப் பார்த்ததும் இதில் உட்காரலாம், இதில் சாய முடியாது, இதை வாசல் பக்கம் போடலாம், உன் அப்பா உட்கார்ந்தால் உடையும், எல்லாம் தெரிந்தது. எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் ஒருவர் வந்து தன் 'பெட்டி'யைக் கேட்டார். பெட்டி அலமாரி முழுக்கத் தேடினோம், இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போது பை அலமாரியைப் பார்த்து, "அதோ என் பெட்டி" என்றார். துணிப்பை. வீட்டில் ஒரு காலத்தில் பெட்டி இருந்ததாம். அது போய் இந்தப் பை வந்த பிறகும் எல்லாரும் பெட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டார்களாம். உன் வரிசை அட்டை மாதிரி இல்லை?

உன் அப்பாவும் அப்படி வந்து நின்றவர்தான். முதலில் குடை. பிறகு மூக்குக் கண்ணாடி. பிறகு அளவு நாடா. மாதத்துக்கு ஒன்று தொலைத்தார். இவ்வளவு மறதிக்காரரை யார் நிலம் அளக்க வைத்தது என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றுகூடத் தொலையவில்லை.

உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன். தூசி மட்டும் தட்டுகிறேன். மே மாதம் வந்தால் நல்லது.

இன்னொன்று. உன் கடிதங்கள் 'வணக்கம்' என்று தொடங்கி நேராக விஷயத்துக்கு வந்துவிடுகின்றன. எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உனக்கும் கஷ்டமாக இருக்குமே என்று தோன்றியது. எல்லா வீட்டிலும் கூப்பிடுகிற மாதிரி நீயும் சித்தி என்று கூப்பிடலாமே. எனக்கும் அது பிடிக்கும்.

அன்புடன்,
சித்தி


மே 10

பொடிசு,

நலம். முழங்கால் பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார்.

உன்னிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. போனிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவள் தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கிறாள். அவர் இப்போது எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால் நான் எதையும் கேட்கவில்லை. மே வருவாயா என்றும் கேட்கவில்லை. மே நடந்துகொண்டிருக்கிறது.

அப்பா

ஐங்காலி சரிதான். யோசித்துப் பார்த்தேன்.


ஜூன் 2

வணக்கம்.

நலமாக இருக்கிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

உங்கள் கடிதத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். பதிலைப் பலமுறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

எனக்கு ஒரு சித்தி இருக்கிறார். அம்மாவின் தங்கை. அப்பா உங்களிடம் சொல்லியிருப்பார். உங்கள் ஊரிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அம்மா இறந்தபோது நான் சிறுமி. அன்றிலிருந்து தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் வந்து சண்டை போட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அவர்தான். அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்ல என்னால் முடியவில்லை.

வேறு சொற்களையும் பார்த்தேன். அம்மா என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிறோம். அதனாலேயே உங்களை அப்படிக் கூப்பிட வரவில்லை. காய் விற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் என் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நடுவில் ஒன்றும் இல்லை. ஆன்ட்டி என்றால் பக்கத்து வீடு. மேடம் என்றால் பேராசிரியர். பள்ளியில் எட்டு வேற்றுமையும் ஒப்பித்தோமே, அதில் ஏழு வரைக்கும் உங்களோடு எனக்குத் தடையே இல்லை. உங்களைப் பற்றி, உங்களால், உங்களுக்கு, எல்லாம் எழுத வருகிறது. எட்டாவதான விளி வேற்றுமையில்தான் தடுக்குகிறது. கூப்பிடத் தெரியவில்லை.

மே மாதம் வராததற்கும் அதுவே காரணம். வேலை இருந்தது, ஆனால் வர முடியாத அளவுக்கு இல்லை. கடிதத்தில் வணக்கம் போட்டுத் தப்பித்துவிடலாம். ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்தால், விளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட உங்களைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் இருக்கும் இடம்வரை நடந்து வந்து முகத்துக்கு நேராக நின்றுதான் பேச முடியும். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஒரு சொல் கிடைத்ததும் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
பொடிசு


ஜூன் 7

அன்புள்ள பொடிசுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதியதற்குக் காரணம் உன் கடிதம் வந்த சந்தோஷம். தபால்காரரும் பழைய பக்கத்துக்கே வந்துவிட்டார்.

நீ எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, சாரத்தை மட்டும் சொன்னேன். அவர் அந்தச் சாரத்தை உன் சித்தியிடம் போனில் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டு. மறுநாள் என் கவுன்ட்டருக்கு முன்னால் ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் கார் சாவி.

"நீங்கதானா அது?"

"எது?"

"என் பேரைக் கேட்டவங்க."

"கேட்டேன். உங்க பொண்ணு தரலை."

"எப்படித் தருவா? சின்ன வயசுல பென்சிலே தரமாட்டா."

பிறகு உள்ளே வந்து என் ஐங்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். போகும்போது, "நான் வேணா பெரியம்மாவா மாறிக்கவா? நீங்க சித்தியா இருந்துக்குங்க" என்றார். அவரே யோசித்து, "வேணாம், அப்புறம் எங்கக்காவுக்கு நான் மூத்தவளாயிடுவேன். கோவிச்சுக்குவா" என்றார். உன் அம்மாவைப் பற்றி அவர் பேசுகிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதுதான் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார் என்கிற மாதிரி பேசுகிறார்.

அந்தச் சொல் அவருடையதுதான். நான் பேசாமல் எழுந்துகொள்கிறேன். அதில் எனக்கு ஒரு வலியும் இல்லை, உண்மையாகவே.

ஆனால் சொல் கிடைத்ததும் வருகிறேன் என்றாயே, அது மட்டும் சரியில்லை. என் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் பலபேர் பெயர் தெரியாமல்தான் வருகிறார்கள். "இப்படி இருக்கும், இங்க வளைஞ்சிருக்கும், அது பேரு வரலை" என்று கையால் காற்றில் வரைகிறார்கள். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்து வைப்பேன். அதுதான் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வாங்க என்று இதுவரை யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

நீ வா. நடந்து வந்து நேராக நின்று பேசு. எனக்கும் நடப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பாதித் தூரம் நான் வருகிறேன்.

இப்படிக்கு,


(மறந்துபோய் விடவில்லை. பார்த்துத்தான் விட்டிருக்கிறேன்.)


ஜூலை 12

வணக்கம்.

நலம், நலமறிய விருப்பம். இந்த வணக்கத்தை இப்போது கொஞ்சம் தைரியமாகவே போடுகிறேன்.

வெற்று அட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பிடித்துக்கொண்டு பேராசிரியரிடம் வாதாடினேன். மாணவர்களில் சிலரும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள், ஆனால் அவற்றை நாங்கள் எண்ணாமலே ஒதுக்கிவைத்திருந்தோம். எடுத்துப் பரப்பிப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய அதே படங்கள். "சரி, அதனால்?" என்றார். விட்டவர்களைக் கூப்பிட்டு, பெயர் வேண்டாம், இதை வீட்டில் எங்கே போடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்கள். பேராசிரியர் அந்த அட்டைகளைத் தானே எடுத்து அடுக்கிவிட்டு, "தள்ள வேண்டாம், தனி அத்தியாயமா எழுது" என்றார்.

இயந்திரத்துக்கும் பதில் சொல்லாமல் இருக்க அனுமதி கொடுத்துப் பார்த்தோம். முதலில் எதற்குமே பதில் சொல்லவில்லை. நல்ல நாற்காலியைக் காட்டினாலும் மௌனம். என் நண்பர்கள் அதற்கு 'கோபக்கார மருமகன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, இப்போது ஓரளவு சரியான இடத்தில் தயங்குகிறது. வாளியை மட்டும் விடமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், இனி மனம் மாறினாலும் வர வேண்டியதுதான். வீட்டுக்குப் போகும் முன்னால் உங்கள் கவுன்ட்டரைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பொடிசு


ஆகஸ்ட் 28

அன்புள்ள சித்தி,

எப்படி இருக்கே? போன மாதம் சுவரில் மோதினானே உன் மாணவன், அவன் நலமா? சுவர் நலமா?

நான் வந்திருந்தபோது உன்னோடு தனியாகப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி நேராக அவருடைய தொலைந்த பொருள்கள் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் நீண்ட வரிசை. அவர் முதுகு காட்டி ஏணிமேல் நின்று, மேல்தட்டில் குடைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சூட்கேஸ் அவர் தலைப்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. உடனே கத்தியாக வேண்டும். வாயைத் திறந்தேன், என்ன வந்தது தெரியுமா? "என்னங்க."

வரிசையில் நின்ற ஆண்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். ஒருவர் "இதோ வந்துட்டேம்மா" என்றே சொல்லிவிட்டார். ஏணிமேல் இருந்த அவரும் திரும்பினார். சூட்கேஸ் அவரை உரசாமல் கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், சூட்கேஸைப் பார்த்தார், அந்த ஆண்களைப் பார்த்தார், ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

அப்புறம் வீட்டில் அதுவே பழகிவிட்டது. நடந்து போய் நிற்க வேண்டிய வேலையே இல்லை. ஒரே தொல்லை, அவர் அப்பாவைக் கூப்பிடுவதும் அதேதான். நான் மாடிப்படியிலிருந்து "என்னங்க" என்றால் அப்பா "என்ன?" என்பார்.

"உங்களை இல்லப்பா."

"அப்ப யாரை?"

"அவங்களை."

"அவ என்னைக் கூப்பிடுறதை நீ அவளைக் கூப்பிட்டா, நான் எப்பத்தான் வர்றது?"

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். அவர் அப்பாவை அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் கிட்டே போய்த் தோளைத் தொடுகிறார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அது மனைவி கணவனைக் கூப்பிடுகிற சொல். நான் உன் சொல்லைக் காப்பாற்றப் போய் அவருடைய சொல்லைப் பிடுங்கிவிட்டேன். அதனால் கடைசி இரண்டு நாள் நானும் கூப்பிடவில்லை. கிளம்பும்போது நடைமேடையில் மூன்று பேரும் யாரையும் யாரும் கூப்பிடாமல் நின்றோம்.

திரும்பவும் 'வணக்கம்'தான் போலிருக்கிறது. மனசு கேட்கவில்லை சித்தி. இதை யாரிடமும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பிரேக் உன் பக்கமும் ஒன்று இருக்கிறது, மறக்காதே.

உன்,
பொடிசு


செப்டம்பர் 9

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். நீ போன பிறகு வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, மாடி வீட்டுக்காரரே கீழே வந்து கேட்டார்.

உன் சித்தியிடம் 'யாரிடமும் சொல்லாதே' என்று எழுதியிருக்கிறாய். அவர் காரை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்து, வாசலில் நின்று ஹாரன் அடித்து என்னை வெளியே வரவழைத்து அதைச் சொன்னார். ஓட்டிக்கொண்டு வந்த மாணவருக்கும் முழுக் கதை தெரியும்.

முதலில் திட்டிவிடுகிறேன். பிடுங்கிவிட்டேன் என்று நீயாக ஏன் முடிவு செய்தாய்? என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? நானும் சொல்லியிருக்க வேண்டும், சரி, பாதி என் தப்பு.

கவுன்ட்டரில் நாள் முழுக்க யாராவது எதையாவது சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மேடம், அக்கா, இந்தாம்மா, ஹலோ. கையில் இருக்கும் வேலை முடிகிறவரை எதற்கும் திரும்பாமல் இருக்கப் பழகிவிட்டேன். அன்று நான் ஏணிமேல் நின்றபோது, என்னை யாருமே கூப்பிட்டிராத ஒரு சொல்லைக் கேட்டு உடனே திரும்பினேன். அது எனக்கு இல்லை என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், இது உனக்கு. ஒரு வீட்டில் ஒரு குரலுக்கு இரண்டு பேர் ஓடி வந்தால் வேலை நடக்காது. புருஷனைக் கூப்பிட நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்?

அதற்காகத்தான் நிறுத்தினேன். நீயோ வேறு என்னவோ நினைத்து நீயும் நிறுத்திவிட்டாய். அந்தக் கடைசி இரண்டு நாளும் உன் அறை வாசல் வழியாக எத்தனை தடவை காரணமில்லாமல் நடந்தேன் தெரியுமா? கூப்பிடுவாயோ என்று. உன் அப்பா என் முழங்காலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்குப் புதுப் பெயர் தேடினோம். 'சார்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன், மிகவும் பிடித்துப் போனது, அதனால் விட்டுவிட்டேன். பிறகு 'கேட்டீங்களா'. கூப்பிட்டால் "கேக்கலை" என்கிறார். இப்போது 'பொடிசப்பா'. எந்த அறையில் இருந்தாலும் அதற்கு உடனே எழுந்து வருகிறார். அவருக்கு மட்டும் இல்லை, கூப்பிடுகிற எனக்கும் அது நன்றாக இருக்கிறது. உன்னைச் சொல்லாமல் இப்போது இந்த வீட்டில் அவரைக் கூப்பிடவே முடியாது.

ஆகவே அந்தப் பழைய சொல் இங்கே சும்மா கிடக்கிறது. வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
திரும்பிப் பார்ப்பவள்


செப்டம்பர் 16

அன்புள்ள என்னங்க,

நலமா? பொடிசப்பா நலமா? நான் மிக நலம்.

ஆய்வறையில் உட்கார்ந்து மேலே இருக்கும் வரியை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பேராசிரியர் என் மேசை அருகே நிற்கிறார். படிக்க வேண்டும் என்று படிக்கவில்லை, கண்ணில் பட்டுவிட்டதாம்.

"உனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு? சொல்லவே இல்லை?"

"எனக்கு இல்ல மேடம், எங்கப்பாவுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாயைத் திறந்து, கேட்காமலே போய்விட்டார்.

தனி அத்தியாயம் பாதி ஆகிவிட்டது. அடுத்த விடுமுறையில் வருகிறேன். இந்த முறை வருவாயா என்று அப்பா என்னிடம் கேட்கலாம்.

என்னங்க, வேறு விஷயம் ஒன்றும் இல்லை. சும்மாதான் கூப்பிட்டேன்.

உங்கள்,
பொடிசு